தும்புத்தூளும் ஓடைச்சேறும்

தாராவி, 3-5-1964

அன்புள்ள அத்தைக்கு இசக்கியம்மாள் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். அப்பளக் கம்பெனி வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன்.

உங்கள் மகன் ஊரிலிருந்து கொண்டுவந்த பிச்சிக்கொடி பட்டுப்போயிற்று. குற்றம் என்னுடையதுதான். வெளியே வைத்தால் ஆடு தின்னும் என்று, வீட்டுக்குள்ளேயே கண்ணாடி ஓட்டுக்கு அடியில் தகர டின்னில் வளர்த்தார். கயிற்றுக்கடையில் வாங்கிய தேங்காய்த் தும்புத்தூளைக் கழுவிக் கழுவிப் போடுவார்.

"குடிக்கவே தண்ணி இல்ல, இதுக்கு மூணு வாளியா? மாகிம் ஓடைக்கரையில கறுப்பு மண்ணு சும்மா கெடக்கு, நம்ம குளத்துக் கரம்பை கணக்கா" என்று சண்டை போட்டேன்.

"ஏட்டி, தும்புல உள்ள உப்பு கழுவினா போயிரும். அது கடல்தண்ணி ஏறுத சேறு, எம்புட்டு கழுவினாலும் உப்பு போவாது" என்றார்.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு டின்னில் தூள் குறைந்துவிட்டது. குழாயடியில் நிற்கத் தெம்பில்லாமல் அந்தச் சேற்றையே அள்ளிப் போட்டேன். நாலே நாளில் இலையெல்லாம் கருகிவிட்டது.

ஊரிலிருந்து சுடலை அண்ணன் இங்கே வரும்போது ஒரு கொடித்துண்டை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்துவிடுங்கள். தும்பு வாங்கி, மூன்று வாளித் தண்ணீரில் கழுவி வைத்துவிட்டேன். அவர் இருக்கும்போது ஒரு வாளிகூடத் தூக்கிக் கொடுத்ததில்லை, அத்தை.

மில் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன்.

உங்கள் மருமகள்,
இசக்கியம்மாள்