தூக்கின் அடியில் நீ வெட்டிய பெயர்

என் அப்பா, என் சாமி,

மாலை போட்ட நாட்களில் உன்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். மலை ஏறப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், மாலையோடே போய்விட்டாய். அதனால் எனக்கு நீ இன்னும் சாமிதான்.

உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. நீ விரதத்தில் இருந்தபோது ஒரு நாள் காலை நம் சாப்பாட்டுத் தூக்கின் கைப்பிடி உடைந்துவிட்டது. நீ பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வாசலில் நின்றாய். நீ மாலை போடும் முன்பு எதிர்வீட்டு நூர் ஆன்ட்டி பிரியாணி கொடுத்தனுப்பிய தூக்கு நம் வீட்டிலேயே கிடந்தது. அதை அவசரமாகத் தேய்த்துக் கழுவி, சாம்பார் சாதம் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் நீ இல்லை.

அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பஜனையில் பழக்கமான சுமதி அக்காவிடம் மட்டும் அழுதேன்.

"அதான்டி உங்கப்பாவ மலை ஏற விடல," என்றாள். என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "பயப்படாத. பரிகாரம் இருக்கு."

முதலில் விளக்கு போடச் சொன்னாள். பிறகு நூர் ஆன்ட்டியோடு பேசாதே என்றாள். "என்ன பேட்டி, வீட்டுப் பக்கமே வர்றதில்ல?" என்று மகளைக் கூப்பிடுவது போல ஆன்ட்டி கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். பாவம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அப்படித் தோன்றியதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

பிறகு, "நம்ம தெருவுல அவங்க வீடு எது, கடை எதுன்னு எழுதிக் குடு. உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்குடி," என்றாள். ஒன்பதாவதோடு நின்ற என்னை யார் அப்பா அதுவரை பாராட்டினார்கள்?

முதலில் அன்வர் அண்ணனின் கோழிக்கடையை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் கடையை உடைத்தார்கள். அவர் கையில் கட்டு. சுமதி அக்கா சிரித்தாள். "மீதிய வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கொண்டா."

இன்று வெள்ளிக்கிழமை. பதினோரு பெயர் எழுதிவிட்டேன். நூர் ஆன்ட்டி பெயரில் கை நின்றது. அந்தத் தூக்கைத் தூக்கி எறிந்தால் எழுத வரும் என்று நினைத்து, அடுப்புக்குக் கீழிருந்து எடுத்துக் கவிழ்த்தேன்.

அடியில் 'நூர்ஜஹான்'. பக்கத்தில் ஒரு சின்னப் பூ.

நீ வேலை பார்த்த சிவாஜிநகர் பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் வேறு யாரும் அந்தப் பூவைப் போடுவதில்லை, நீ மட்டும்தான். அப்படியென்றால் தெரிந்தேதான் சாப்பிட்டாயா? மறுநாள் காலை நம் தூக்கில் புதுக் கைப்பிடி இருந்ததே. உடைந்ததை நான் சொல்லவேயில்லையே. "நேத்து சாம்பார் சாதம் அருமை சாமி," என்று மட்டும் சொன்னாய். ஏன் அப்பா அதோடு நிறுத்திக்கொண்டாய்?

நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். அன்வர் அண்ணன் கைக்கு நீ மன்னிப்புக் கொடுக்க முடியாது.

மணி நாலேகால். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பாயே. நான் எழுதிய தாளை அந்தத் தூக்குக்குள் வைத்திருக்கிறேன். ஆன்ட்டி படிக்கட்டும், எல்லோரையும் எச்சரிக்கட்டும். கதவைச் சாத்தினாலும், அடித்தாலும், இது என் கையெழுத்துதான் என்று சொல்லும்வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். அங்கிருந்து அன்வர் அண்ணன் கடைக்குப் போவேன். சத்தியம்.

நீ எழுதக் கற்றுக்கொடுத்த உன் பொண்ணு,
தேவகி