கழித்தல் இரண்டு

கான்பரா
11 பிப்ரவரி 1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணி கொடுத்தனுப்பிய லூமுட் நெத்திலிக் கருவாடு என்னோடு வீடு வந்து சேரவில்லை. சுங்க அதிகாரி முகர்ந்து பார்த்து, என்னையும் ஒருமுறை பார்த்து, குப்பையில் போட்டார். அண்ணியிடம் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

எனக்கு உங்களிடமிருந்து ஒரு உதவி வேண்டும்.

1957-இல் ஆசியக் காய்ச்சல் உலகம் சுற்றியது. எந்த நாட்டில் எவ்வளவு பேரைக் கொண்டுபோனது என்று ஒப்பிடுவதுதான் என் ஆராய்ச்சி. சாவுக்குக் காரணம் என்று எழுதிவைத்ததை நம்ப முடியாது. ஓர் ஊரில் நிமோனியா என்பார்கள், இன்னோர் ஊரில் இருதயம் என்பார்கள். அதனால் காரணத்தை விட்டுவிட்டுத் தலைகளை மட்டும் எண்ணுகிறோம். முந்திய ஐந்து ஆண்டுகளின் சராசரிதான் வழக்கம். காய்ச்சல் ஆண்டின் சாவுகளிலிருந்து அந்த வழக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது மிகை மரணம். வேறு மந்திரம் இல்லை.

நான்கு நாடுகளில் நான்கு சிறிய இடங்கள். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டம், பிஜியில் ஒரு கரும்புத் தோட்டம், வேல்ஸில் ஒரு சுரங்க ஊர். நான்காவது நம் நாட்டில், நம் மணல்மேட்டு ரப்பர் தோட்டம்.

அங்கே தோட்ட ஆஸ்பத்திரியில் நீங்கள் மருந்து கட்டும் சின்ன டிரெஸராக இருந்தீர்கள். ஆஸ்பத்திரியை மூடியபோது மரணப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது எனக்கு நினைவிருக்கிறது. 1952 முதல் 1957 வரை பெயரும் தேதியும் நகலெடுத்து அனுப்புங்கள்.

14-ஆம் தேதி அம்மாவின் நினைவுநாள் பூசை. வழக்கம்போல் நானும் இங்கே கோயிலுக்குப் போவேன்.

உங்கள் தங்கை
கத்தரின்


சேசு மரி சூசை துணை

ஆயர் தாவார்
4 மார்ச் 1979

அன்புத் தங்கை கத்தரினுக்கு அண்ணன் ஆம்புரோஸ் எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்குத் தினமும் செபமாலை சொல்கிறோம். நெத்திலி பற்றி உன் அண்ணியிடம் நீ சொல்லச் சொன்னபடியே சொன்னேன். "பொய் சொல்றீங்க, ஒங்க மூஞ்சியே காட்டிக் கொடுக்குதுலா" என்றாள்.

இப்போது வேலை பார்க்கும் தோட்டத்திலும் ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போடுகிறார்கள். குலை விழுந்து கால் நசுங்கி வருகிறார்கள். மற்றபடி அதே ஊசி, அதே மருந்து மிக்சர்.

நீ கேட்டது இருபது வருசத்துக்கு முந்திய விசயம். செத்தவர்களை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது என்று எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ கேட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன்? புத்தகத்தில் இருப்பதை இருப்பது போலவே எழுதியிருக்கிறேன், ஏழு தாள்.

எப்போது வருகிறாய்? உனக்கு இருபத்தொன்பது ஆகிறது. காம்பாரில் ஒரு வாத்தியார் பையன் இருக்கிறான். கோபப்படாதே, சொல்லிவைத்தேன்.

உன் பிரியமுள்ள அண்ணன்
ஆம்புரோஸ்


கான்பரா
25 மார்ச் 1979

அண்ணனுக்கு,

தாள்கள் கிடைத்தன. உங்கள் கையெழுத்து மாறவே இல்லை.

கணக்குப் போட்டேன். 1952-இல் 13, பிறகு 15, 14, 12. 1956-இல் 30. சராசரி ஏறக்குறைய 17. காய்ச்சல் வந்த 1957-இல் 15.

இலங்கை மேலே போகிறது. பிஜி மேலே போகிறது. வேல்ஸ் மேலே போகிறது. மணல்மேட்டுத் தோட்டம் மட்டும் கழித்தல் இரண்டு. கொள்ளைநோய் ஆண்டில் நம் தோட்டத்தில் வழக்கத்தைவிடக் குறைவாகச் செத்திருக்கிறார்கள். என் பேராசிரியர் சிரித்தார். நல்ல டிரெஸர் போலிருக்கிறது என்றார்.

பெருமையாக இருந்தது, ஒரு மணி நேரம்.

பிறகு 1956-ஐப் பார்த்தேன். அந்த ஆண்டு வெள்ளமில்லை, காலராவில்லை. முப்பது பேர் ஏன்? அதுவும் மாதத்துக்கு இருவர் மூவர் என்று சமமாக, பந்தியில் பரிமாறியதுபோல. சாவு அப்படி வராது.

அந்த முப்பதில் அம்மா இருக்கிறார். ஞானப்பூ, 14 பிப்ரவரி 1956.

உபகாரச் சம்பளத்துக்காக என் சான்றிதழ்களையெல்லாம் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிச் சேர்க்கைச் சீட்டும் அதில் இருக்கிறது. தேதி 7 ஜனவரி 1957. அடியில் தாயின் கைரேகை.

இறந்து பதினோரு மாதம் கழித்து அம்மா எப்படி என்னைப் பள்ளியில் சேர்த்தார்?

அந்தக் காலையில் என் தலையில் எண்ணெய் வழிந்தது. முந்தானையால் துடைத்தார். அதைக் கனவு என்று நினைத்திருந்தேன்.

பதில் எழுதுங்கள்.

கத்தரின்


சேசு மரி சூசை துணை

ஆயர் தாவார்
16 ஏப்ரல் 1979

அன்புத் தங்கைக்கு,

ஈஸ்டர் முடியட்டும் என்று காத்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை.

1957 மே கடைசியில் காய்ச்சல் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தது. முதல் வாரத்தில் ஆறு பேர். பெரிய டிரெஸர் அப்பாவு ஐயா சுகாதார ஆபீசுக்கு எழுதக் கடுதாசி எடுத்துவிட்டார். அப்போதுதான் பெரிய கிராணி இராமசாமி கணக்கு ஆபீசிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். துரை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மாசத்துக்கு அஞ்சுக்கு மேல காட்டினா டாக்டர் கார் வந்து நிக்கும். லயத்த அடைச்சிருவான். பால்வெட்டு நின்னா தொரை நம்மள உண்டு இல்லன்னு பண்ணிருவாருலா."

"செத்தவங்கள எங்க கொண்டுபோய் எழுதுறது?" என்றார் அப்பாவு ஐயா.

"போன வருசப் புத்தகத்துல பக்கத்துக்குப் பாதி வெறுசாத்தான கெடக்கு. செத்தவன் வந்து தேதி கேக்கப்போறானா?"

அது உண்மை. மாதத்துக்கு ஒரு பக்கம். ஒன்றிரண்டு பெயருக்கு அடியில் கோடுகள் வெறுமையாகக் கிடக்கும்.

அப்பாவு ஐயாவுக்கும் காய்ச்சல். பேனாவை என்னிடம் கொடுத்தார். எனக்கு இருபத்தொரு வயது. ஒரே மை தெரியக்கூடாது என்று இரண்டு மைப்புட்டி வைத்துக்கொண்டேன். பெயர்களைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிட்டேன். சமமாக என்று நீ கண்டுபிடித்துவிட்டாய்.

அப்படி மாற்றி எழுதியது மொத்தம் பத்தொன்பது பேர்.

காய்ச்சலில் போனவர்களில் அம்மா பன்னிரண்டாவது. ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, விடிந்து ஏழு மணி. நீ பக்கத்து லயத்து மாரியம்மா வீட்டில் இருந்தாய். அதற்கு இரண்டு நாள் முன் அம்மா கேட்டாள்: "ஏம்ப்பா, பத்து பேரு போயாச்சே, டாக்டரு வரமாட்டாரா?" "சொல்லியாச்சும்மா, வாராரு" என்றேன். யாரும் சொல்லவில்லை. நான் எழுதிய புத்தகத்தில் அந்த மாதம் மூன்றே சாவு. மூன்று சாவுக்கு எந்த டாக்டர் வருவார்?

அவளையும் நானே எழுதினேன். பிப்ரவரிப் பக்கத்தில் இடம் இருந்தது.

சாமியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். புதிதாக வந்தவர். எங்கள் புத்தகத்தைப் பார்த்துக் கோயில் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டார். பிறகு பூசையும் அந்தத் தேதிக்கே நடந்தது. அம்மாவின் கல்லறைச் சிலுவையில் ஏன் தேதி இல்லை என்று சின்னப் பிள்ளையில் கேட்பாய். சிமெண்ட் தீர்ந்துபோச்சு என்பேன்.

உண்மையான பட்டியல் இத்துடன் இருக்கிறது. பத்தொன்பது பெயர், தேதி, எந்த லயம், எல்லாம். எந்தப் புத்தகத்தையும் பார்த்து எழுதவில்லை. இதைப் போட்டுக் கணக்கைச் சரிசெய். என் பேர் வந்தாலும் வரட்டும்.

டாக்டர் வந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்று நீ படித்தவள், சொல்லு. பிழைத்திருக்கமாட்டாள் என்றால் எழுது. பிழைத்திருப்பாள் என்றாலும் எழுது.

மன்னித்துக்கொள்.

அண்ணன்


கான்பரா
13 மே 1979

அண்ணனுக்கு,

உங்கள் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். 1956-இல் 11 ஆகிறது. வழக்கம் 13. 1957-இல் 34. மிகை 21. நான்கு இடங்களில் நம்முடையதுதான் மிக அதிகம்.

பேராசிரியரிடம் காட்டினேன். இப்போது அவர் சிரிக்கவில்லை. நினைவிலிருந்து எழுதிய பட்டியல் சான்று ஆகாது என்றார். புத்தகத்தை எழுதியவரே அது பொய் என்கிறார், அப்படியானால் புத்தகமும் ஆகாது என்றார். அவர் சொல்வது சரி. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

மணல்மேட்டுத் தோட்டத்தை எடுத்துவிட்டேன். மூன்று நாடுகள் போதும். ஆய்வேடு வெள்ளிக்கிழமை போய்விட்டது.

அம்மா இப்போது எந்தக் கணக்கிலும் இல்லை. வழக்கத்திலும் இல்லை, மிகையிலும் இல்லை.

டாக்டர் வந்திருந்தால் என்று கேட்டீர்கள். சில இடங்களில் லயத்தை அடைத்து, வேலையை நிறுத்தி, படுக்கவைத்தார்கள். அங்கே குறைவு. ஒருவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று என் படிப்பு சொல்லாது. கூட்டத்துக்குத்தான் சொல்லும். கூட்டத்தில் சிலர் பிழைத்திருப்பார்கள்.

நீங்கள் ஊட்டித்தான் வளர்ந்தேன். உங்கள் சம்பளத்தில்தான் படித்தேன். இதை மறக்கவில்லை. இதற்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தை வைத்துப் பார்க்கிறேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். பிப்ரவரியில் பூசை வைக்காதீர்கள். அதை மட்டும் மாற்றுங்கள்.

கத்தரின்


சேசு மரி சூசை துணை

ஆயர் தாவார்
10 ஜூன் 1979

அன்புத் தங்கை கத்தரினுக்கு,

உன் அண்ணி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டாள். படித்துவிட்டு நெத்திலியைப் பற்றி மட்டும் கேட்டாள், குப்பையில் போட்டது நிசமா என்று. நிசம் என்றேன்.

போன வாரம் மணல்மேட்டுக்குப் போய்வந்தேன். இடுகாடு வரைக்கும் செம்பனை. இரண்டு மூன்று சிலுவை வரிசைக்கு நடுவில் நிற்கிறது. நம்முடையதைக் காணவில்லை. தேதி செதுக்க உளி கொண்டுபோயிருந்தேன்.

நேற்று ஜூன் ஒன்பது. நீ சொன்னபடி காலைப் பூசைக்குச் சொல்லியிருந்தேன். இப்போதுள்ள சாமியார் இளவயது, சரியான மனிதர். பழைய கோயில் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டார். பூசை உடுப்பு மாற்றும் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஞானப்பூ அம்மா எறந்தது பிப்ரவரி பதினாலு, ஐம்பத்தாறுன்னுல இருக்கு. நீங்க ஜூன்னு எழுதியிருக்கீங்க. மறந்துட்டீங்களா?"

சொல்லிவிட வாய் திறந்தேன், கத்தரின். வெளியே மாரியம்மா மகன் உட்கார்ந்திருந்தான். பழைய தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் பட்டியலில் அவர்கள் வீட்டுப் பெயர்களும் இருக்கின்றன.

"வயசாச்சு சாமி" என்றேன். "புத்தகத்துல உள்ளபடியே வாசிங்க."

அவர் பீடத்தில் நின்று, 1956 பிப்ரவரியில் இறந்த ஞானப்பூவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார்.

எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

அண்ணன்
ஆம்புரோஸ்