கொழும்பில் பிறந்த தம்பி

ஞாயிறு. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் நாள் முழுக்க மழை.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இன்று தம்பிக்குப் பாராட்டு விழா. பெரிய இருதய டாக்டர் என்று பொன்னாடை, மாலை எல்லாம். அவனே எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்பைப் பள்ளிக்கூட அதிபர் வாசித்தார். கொழும்பில் பிறந்தவராம். முன்வரிசையில் இருந்த அம்மாதான் எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினாள்.

கார் ஏறப் போனவனை மறித்துக் கேட்டேன்.

"தோட்டம்னு போட்டா அங்க ஒரு மாதிரி பாப்பாங்கண்ணே."

நாய்க்குட்டிக்குக்கூடத் தான் பிறந்த மூலை தெரியும். இனி என் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பாய்ந்தேன். "ஒனக்கு வெக்கமா இல்லையா?"

"படிச்ச புள்ள. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவனைப் பெற்ற இதே தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை.