அறுபதடி ஜல்லிப் பாதை

ஜூன் 2

வீட்டு வாசலிலிருந்து அக்காவின் தெருவோரக் கடை வரை அளந்தேன். அறுபது அடி. அகலம் ஐந்து. கனம் அரையடி. ஆக நூற்றைம்பது கன அடி. முடிந்தது கணக்கு.

அத்தான் கூழாங்கல் கேட்கிறார். "வழவழன்னு அழகா இருக்கும் மச்சான்."

"அக்காவோட சக்கர நாற்காலி அதுல புதைஞ்சா நீங்க உக்காந்து தோண்டி எடுப்பீங்களா?" என்றேன். உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது. உடைத்த ஜல்லியும் கல்தூளும் கலந்து அழுத்தினால்தான் இறுகும்.

இப்போது அங்கே வெறும் மண். மழை பெய்தால் யாராவது அக்காவைத் தள்ள வேண்டும். "என் கடைக்கு நானே போகணும். மூட்டை மாதிரி என்னை யாரும் தள்ள வேணாம்" என்கிறாள். பதினைந்தாம் தேதி செல்போன் ரிப்பேர் கடை திறக்கிறாள். அதற்கடுத்த வாரம் மழைக்காலம்.

ஜூன் 4

கல் டிப்போவுக்குப் போன். எடுத்த பெண், "நூத்தம்பதுங்கிறது அழுத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றாள்.

"அளவு அளவுதாங்க. அனுப்புங்க."

கேள்வி கேட்டே பொழுதைப் போக்குகிறார்கள்.

ஜூன் 7

லாரி வந்தது. நல்ல சரக்கு. பரப்பியாயிற்று. அத்தானுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எனக்கு இல்லை.

ஜூன் 8

வாடகைக்கு எடுத்த இயந்திரத்தால் நான்கு தடவை அழுத்தினோம். குச்சி விட்டு அளந்தேன். ஐந்து அங்குலம்கூட இல்லை. வேறிடத்தில் பார்த்தேன் — அதேதான்.

அழுத்தினால் இறுகும். இறுகினால் குறையும். இதைத்தானே அத்தானிடம் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்? அந்தப் பெண் கேட்டதும் இதைத்தானே? முட்டாள். நான்தான்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. முதல் மழைக்குத் தெரியும். சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"இஞ்சினியர் சார், காலேஜ்ல உங்க படிப்பையும் கொஞ்சம் அழுத்திப் பாத்துட்டு அனுப்பியிருக்கலாம்" என்றாள் அக்கா.

வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஜூன் 9

மறுபடி போன். "இன்னும் நாப்பது கன அடி. அழுத்துறதுக்கு முன்னாடி அளவு."

"சரிங்க" என்றாள். சிரிக்கவில்லை. நல்ல பெண்.

ஜூன் 13

இரண்டாவது லோடு இன்றுதான் வந்தது. லாரி மேலே ஏறி ஒரு கை அள்ளிப் பிசைந்தேன். உள்ளங்கை சுத்தமாக இருந்தது. தூளே இல்லை. கான்கிரீட்டுக்குப் போகிற கழுவிய ஜல்லி.

"இறக்காதீங்க" என்றேன்.

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லுல என்ன தம்பி சைவம் அசைவம்? தார்ப்பாய வேற அவுத்துட்டேன்."

"திரும்பக் கட்டிக்குங்க."

அத்தானுக்குக் கோபம் தலைக்கேறியது. "நாளன்னிக்குக் கடை திறக்கிறோம்டா. கொட்டிட்டுப் போகட்டும். யாரு தோண்டிப் பாக்கப் போறா?"

சன்னலில் இருந்த அக்கா கேட்டாள்: "அதைப் போட்டா என்ன ஆகும்?"

"மேல இருக்கிற கல்லு பிடிக்காது. சக்கரம் வழுக்கும்."

"நல்ல சரக்கு நாளைக்கு வராட்டி?"

"திறக்கிறதைத் தள்ளிப் போடணும்."

"திருப்பி அனுப்பு. வராட்டி, வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் நீதான் வாசல்ல நின்னு பதில் சொல்ற."

லாரி போய்விட்டது. நாளைக் காலை சரியானதை அனுப்புவதாக டிப்போவில் சொல்கிறார்கள்; வருமென்று எனக்கே நம்பிக்கையில்லை. இதை எழுதலாம், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 14

காலை எட்டுக்கே லாரி வந்தது. பிசைந்தேன். கை சாம்பல் நிறமாயிற்று — சரியான சரக்கு. பழைய பரப்பைக் கீறிவிட்டு, புதியதைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மாலைக்குள் அழுத்தி முடித்தோம். பன்னிரண்டு இடத்தில் அளந்தேன். பன்னிரண்டிலும் ஆறு அங்குலம். அத்தானும் குச்சியை வாங்கி ஓரிடத்தில் அளந்தார். இன்னோரிடம் அளக்காமல் குச்சியைத் திருப்பித் தந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

ஜூன் 15

கடை திறந்தாயிற்று. எல்லாரும் பாதையைப் புகழ்ந்தார்கள். வெயிலில் எந்தப் பாதையும் நல்ல பாதைதான்.

ஜூன் 22

விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. ஒன்பது மணிக்கு நானும் அத்தானும் ஆளுக்கொரு குடையோடு அக்காவின் அறைக்குப் போனோம். அறை காலி. ஓடிப் போய்ப் பாதையைப் பார்த்தேன். தண்ணீர் தேங்கவில்லை, சக்கரம் பதிந்த தடம்கூட இல்லை. கடையில் விளக்கு எரிந்தது. அக்கா யாரோ ஒருவரின் போனைப் பிரித்துப் போட்டு, அதை நனையவிட்டதற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

எப்போது போனாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.