பிறந்த நாள் இல்லாதவன்

அன்புள்ள அம்மாவுக்கு, பாரீஸிலிருந்து மகன் தெம்பாவின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? இங்கே நான் நலம். தங்கை ஜெனெபா இதைப் படித்துக் காட்டும்போது சிரிப்பாள், நீங்களும் சிரியுங்கள்.

வரியில்லாத சேமிப்புக் கணக்கு தொடங்க ஒரு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் மாலி பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வருஷம் மட்டும்தான் இருக்கு. பொறந்த நாள், மாசம் எங்க சார்?"

"மழைக்காலத்துல, சோளம் விதைச்சப்போ பொறந்தேன்னு அம்மா சொல்லுவாங்க."

"கம்ப்யூட்டர் மழையையெல்லாம் ஏத்துக்காது சார்!"

நாள் இல்லாமல் கணக்கு கிடையாதாம்.

அறைத்தோழன் சம்பாவுக்கு ஒரே கேலி. "பாஸ்போர்ட் எடுக்கிறப்பவே என்னைப் போல ஜனவரி ஒண்ணுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? உண்மை பேசினாராம் உண்மை! நம்ம விடுதியில பாதிப் பேர் அன்னிக்குப் பொறந்தவங்கதான்டா. ஒரே கேக்குல வேலை முடிஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அம்மா. வந்த காலத்திலிருந்து என் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். என்றைக்குப் பிறந்தாய் என்று அதற்கு ஒருத்தரும் கேட்டதில்லை. வரியில்லாமல் நாலு காசு சேர்க்கப் போனால்தான் நான் பிறந்ததே சந்தேகமாகிவிடுகிறது.

கை வெடித்திருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொஞ்சம் ஷியா வெண்ணெய் கொடுத்தனுப்புங்கள். ஜெனெபாவின் போனில் பேசிப் பதிவு செய்தும் அனுப்புங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

நம் ஊர் நகராட்சியில் எனக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். எந்த நாள் என்று கேட்டால் முழிக்காதீர்கள். உண்மை பேசிப் பார்த்தாயிற்று. நான் வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் உங்களுக்கு மறந்திருக்காது, அந்த நாளையும் மாதத்தையுமே சொல்லிவிடுங்கள். இங்கே இருப்பவர்களைப் பொறுத்தவரை நான் அன்றைக்குத்தான் பிறந்தேன்.

பஸ் வந்துவிட்டது.

தெம்பா