காலைப் புடிச்சு எடுத்த புள்ள

தெனம் கனவுல வந்து எனக்குத் தலை வாரிவுடுற என் அக்காவுக்கு,

உன் பொண்ணு நல்லா நடக்குறா. வயித்தக் கீறி, காலைப் புடிச்சு எடுத்த புள்ளைன்னு கச்சிராயபாளையமே அவளத் தேடி வருது. காலால பொறந்தது மிதிச்சா இடுப்புப் புடிப்பு போயிடுமாம். உன் வூட்டுக்காரரும் முதுகக் காட்டிப் படுத்துக்குறாரு. பாக்குறப்போ எனக்குப் பத்திக்கினு வருது.

ஏன்னா, காலைப் புடிச்சு இழுத்துதான் டாக்டரம்மா உன்னக் கொன்னுட்டாங்கன்னு ஊரு பூரா சொன்னவரே அவருதான். நானும் நம்புனேன். ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திக்கினே இருந்துச்சு. சேதி கேட்டு, மலை மேல இருக்குற வெள்ளிமலையில இருந்து நாங்களே ஜீப்பு புடிச்சு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். டவுன் பஸ் ஓடுற ஊருல, உன்ன நேரத்துக்குக் கூட்டியார மாமாவுக்கு வண்டி கெடைக்கலியாம். இது இன்னா கதை?

இப்போ உன் எடத்துல என்னைக் கட்டி வெக்கப் பாக்குறாங்க. புள்ளைக்கு வேற யாரு இருக்காங்கன்னு அம்மா அழுவுது. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி டாக்டரம்மாவ நேராப் போய்க் கேட்டேன்.

"புள்ளையோட தலை அம்மாவோட இடுப்பெலும்புல இறுகிப்போச்சும்மா. ஒண்ணு, கீழ இருந்து கைய வெச்சுத் தலைய மேல தள்ளணும். இல்லன்னா, கீறுன வழியா காலைப் புடிச்சு எடுக்கணும். தள்ளுனா கர்ப்பப்பை கிழியறது ஜாஸ்தி, அதான் காலைப் புடிச்சேன். ஆனா பை அதுக்கு முன்னாடியே நைஞ்சிருந்துச்சு. முந்தின நாளே கூட்டியாந்திருக்கணும்"ன்னாங்க.

தன்னக் காப்பாத்திக்கப் பேசுறாங்களோன்னு அவங்க மேலயும் சந்தேகம். யாரத்தான் நம்புறது, சொல்லு.

நேத்து கல்யாணத்துக்குத் தேதி குறிக்க உக்காந்தோம். அம்மா காலண்டரப் பாத்து ஒரு நாளச் சொல்லிச்சு. மாமா பட்டுனு, "அன்னிக்குக் கேட்டை நட்சத்திரம்ங்க, ஆவாது. அவளுக்கு வலி எடுத்தப்பவும் கேட்டைதான். ஆஸ்பத்திரிக்குப் போனா ஒடனே அறுத்து எடுத்துடுவாங்க, புள்ள கேட்டையில பொறந்துடும், அது கழியட்டும்னு எவ்ளோ பொறுமையா இருந்தோம்"ன்னாரு.

சொல்லிட்டுதான் வாய மூடுனாரு. அம்மா எழுந்து, உன் பொண்ணோட துணிமணிய மூட்ட கட்டிச்சு.

நீ வலியில முக்கிக்கினு கெடந்திருக்க, அந்தாளு நட்சத்திரம் பாத்துக்கினு உக்காந்திருக்கான். இத நான் எப்படிக்கா தாங்குவேன்?

வெள்ளிமலைக்கு வந்துட்டோம். உன் பொண்ணு என் மடியில தூங்குறா. அவ காலு இனிமே எவன் முதுகையும் மிதிக்காது, இது உம்மேல சத்தியம்.

உனக்குத் தங்கச்சி, உன் பொண்ணுக்கு இன்னியிலேர்ந்து அம்மா,
செல்வி