அப்பா சிகரெட் விட்டுப் பதினாறு நாள்

என் கண்ணுக்கு அம்மா எழுதுறேன். இங்கே நானும் அப்பாவும், உன் அக்கா வீட்டுலயும் எல்லாரும் கை கால் சுகத்தோட இருக்கோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நல்லா மூடிக்கிட்டு, சிரிச்ச முகமா இருப்பேன்னு நம்பிக்கிட்டுதான் பேனாவை எடுத்தேன். என்னடா இது, வாரா வாரம் போன்ல பேசுற அம்மா திடீர்னு கடிதம் போட்டிருக்காளேன்னு பயந்துடாதே, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. போன்ல பேசலாம்னா அப்பா பக்கத்து ரூம்லயே இருக்கார், நம்ம வீட்டுச் சுவர்தான் உனக்குத் தெரியுமே, இங்கே தும்மினா அந்தப் பக்கம் கேட்கும். அதோட நான் அவர் பேச்சை எடுத்தாலே நீ சரிம்மா வேலை இருக்குன்னு வச்சிடுறே. கடிதத்தை அப்படிப் பாதியில வைக்க முடியாதுல்ல, அதான்.

விஷயம் என்னன்னா, அப்பா சிகரெட்டை விட்டுட்டார். நம்ப மாட்டே, எனக்கே இன்னும் முழுசா நம்பிக்கை வரலை, முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம் ஆச்சே. போன மாசக் கடைசியில ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில ஆபீஸ் போற கூட்டத்தோட அப்பா ஓட்டுற பஸ் ரொம்பி வழியுது, பாலத்துக்குக் கீழே திரும்புற இடத்துல அப்பாவுக்கு இருமல் பிடிச்சிருக்கு. சாதாரண இருமல் இல்லை, கண்ணுல தண்ணி கொட்டி முன்னாடி ரோடே தெரியலையாம். பயந்துபோய் பிரேக்கை மிதிச்சிட்டார். வண்டி எங்கேயும் மோதலை, ஆனா நின்னுக்கிட்டு வந்த ஒரு டீச்சர் அம்மா கம்பியைப் பிடிக்க முடியாம விழுந்து மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. அதுவும் வலது கை. இதை அவர் எங்கிட்டே சொல்லவே இல்லை. மூணு நாள் எதுவும் நடக்காத மாதிரி சாப்பிட்டார், குளிச்சார், வேலைக்குப் போனார். அவரோட கண்டக்டர், அதான் நீ விசில் மாமான்னு கூப்பிடுவியே, அவர் பேண்ட்டுக்கு ஜிப் மாத்தக் கொண்டுவந்து குடுத்தப்பதான் எனக்கே தெரிஞ்சது. சனிக்கிழமை அப்பா தனியாவே கிளம்பி அந்த டீச்சரைப் பார்க்கப் போயிருக்கார். நாலு வார்த்தை திட்டுவாங்க, வாங்கிக்கிட்டு வரலாம்னு போன மனுஷனை உட்கார வச்சு, கையில மாவுக்கட்டோட அந்த அம்மா முதல்ல கேட்டது, உங்க இருமல் இப்ப எப்படி இருக்குன்னுதானாம். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன், அந்தக் கேள்வியைத் தாங்க முடியலைன்னு சொன்னார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டலை, பாக்கெட்டையும் லைட்டரையும் எடுத்து என் தையல் மிஷின் மேலே வச்சிட்டு, இனி இது வேண்டாம்னார். எங்கே மனசு மாறிடுவாரோன்னு எனக்குப் பயம். எடுத்துக்கிட்டுப் போய்க் குப்பையில போட்டு அந்தப் பையை உடனே தெருவுல வச்சிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கணக்கு. முதல் மூணு நாள் இந்த வீடு வீடாவே இல்லை போ. மிஷின் சத்தம் மண்டையைக் குடையுதுங்கிறார், நிறுத்தினா ஏன் இவ்வளவு அமைதியா இருக்கேங்கிறார். டீ கொண்டுபோய்க் குடுத்தா, டீயைக் கையில வச்சுக்கிட்டு அழுதுடுவார் போல உட்கார்ந்திருக்கார், ஏன்னா டீயும் அதுவும் ஜோடியாவே பழகிடுச்சாம், இது மட்டும் தனியா உள்ளே இறங்க மாட்டேங்குதாம். அதனால டீயை நிறுத்திட்டு ஆரஞ்சு உரிச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். உரிக்கிறதையும் அவர்கிட்டயே விட்டுட்டேன், கைக்கு ஒரு வேலை ஆச்சு. கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டி டப்பாவுல போட்டுக் குடுத்தா, அதை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுக்கிட்டுதான் கடிக்கிறார், பார்த்தா சிரிப்பு வரும், சிரிக்கவும் முடியாது. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கையெல்லாம் பழைய பல் பிரஷ்ஷை வச்சுத் தேய்ச்சு வெள்ளையாக்கிட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து கேட்டுக்கிட்டிருந்த வேலை அது. ஒரு கப்பை உடைச்சார், உடைச்சதும் ஸாரின்னார், அவர் வாயில அந்த வார்த்தை வந்து எத்தனை வருஷமாச்சுன்னு யோசிச்சுக்கிட்டே கூட்டி அள்ளினேன். மூணாம் நாள் சாயங்காலம் என்ன பண்ணார் தெரியுமா, யூனிஃபார்ம் சட்டை நாலையும் கொண்டுவந்து, மேல் பாக்கெட்டைத் தைச்சு மூடிடுங்கிறார். கை அதுபாட்டுக்கு அங்கே போகுதாம், சிக்னல்ல நிக்கும்போது போகுதாம், வெறும் பாக்கெட்டைத் தடவிட்டுத் திரும்பி வருதாம். எத்தனையோ பேர் துணியைத் தைச்சிருக்கேன், பாக்கெட்டை மூடச் சொல்லி யாரும் வந்ததில்லை. நாலையும் ரெட்டைத் தையலாப் போட்டு மூடினேன். இப்ப பேனாவைக் காதுல சொருகிக்கிட்டு ஓட்டுறார், தச்சு வேலைக்குப் போறவர் மாதிரி.

வேலை இடத்துலதான் ரொம்பக் கஷ்டம். உனக்கே தெரியும், ட்ரிப் முடியுற ஒவ்வொரு இடத்துலயும் பத்து நிமிஷம் நிறுத்தம், அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு, இதுதான் இத்தனை வருஷமும். டிப்போவுல ஷெட்டுக்குப் பின்னாடி டிரைவருங்க எல்லாம் கூடி நிப்பாங்க, பேச்சு, சிரிப்பு, யாருக்கு லீவு, யாருக்கு மெமோ எல்லாம் அங்கேதான். அதை விட்டா ஊர்க்கதையே விட்டுப்போச்சுங்கிறார் பாவம். விசில் மாமாதான் தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கார். வண்டி நின்னதும், வாங்கண்ணே டயரைப் பார்ப்போம்னு கூட்டிக்கிட்டுப் போய் பஸ்ஸைச் சுத்தி ரெண்டு ரவுண்டு நடக்க வைக்கிறாராம். அப்பா முன் கண்ணாடியைத் துடைக்கிறார், பக்கக் கண்ணாடியைத் துடைக்கிறார், சீட்டுக்கு அடியில ஒட்டியிருக்கிற சூயிங்கத்தைக்கூடச் சுரண்டுறாராம். டைம் கீப்பர் வந்து, என்னய்யா வண்டியை விக்கப் போறீங்களான்னு கேட்டாராம்.

இப்ப ஒண்ணு சொல்லணும், மறைக்கக் கூடாதுன்னு எழுதுறேன், படிச்சிட்டு நான் அப்பவே நினைச்சேன்னு சொல்லிடாதே. ஏழாம் நாள் ஒண்ணு குடிச்சிட்டார். அன்னைக்கு வண்டி லேட், ஒரு பாசஞ்சர் கன்னாபின்னான்னு பேசியிருக்கான், டிப்போவுல யாரோ நீட்டியிருக்காங்க, வாங்கிட்டார். நான் துணி காயப்போட வெளியே வந்தா மாடிப்படியில உட்கார்ந்திருக்கார், உள்ளே வராம. எவ்வளவு நேரமா உட்கார்ந்திருந்தாரோ. வாயைத் திறக்கும் முன்னாடியே எனக்கு வாசனை வந்துடுச்சு. என் மனசுல வந்த வார்த்தையெல்லாம் சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். இத்தனை வருஷத்துக் கோபம்டா, உனக்குச் சின்ன வயசுல மூச்சு இழுக்கும்போது ராவும் பகலும் மடியில வச்சிருந்தவ நான்தானே, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துது. ஆனா அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில தோத்துட்டு வீட்டுக்கு வரப் பயந்து நிப்பியே நீ, அதே முகம். பக்கத்துல ஒரு படி தள்ளி உட்கார்ந்தேன். முழுசும் குடிச்சேன்னார், பாதியிலகூட எறியலைன்னார். நல்லா இருந்துச்சான்னு கேட்டேன், ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான் பயமா இருக்குன்னார். சரி, ஆறு நாள் குடிக்காம இருந்தது நிஜம்தானே, அதை யாரும் வந்து தூக்கிட்டுப் போகலையே, எழுந்திரிங்க, சாப்பாடு ஆறுதுன்னேன். எழுந்து வந்து, சட்டையைக் கழட்டி அவரே துவைச்சார்.

ரெண்டு நாள் கழிச்சு கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். வாசல் வரைக்கும் வந்துட்டு, நீ இங்கேயே உட்காரு, நான் மட்டும் போறேன்னு உள்ளே போயிட்டார். அங்கே ஒரு நர்ஸ் பொண்ணு, நம்ம அக்கா வயசுதான் இருக்கும், அரை மணி நேரம் பொறுமையா உட்கார்ந்து பேசியிருக்கா. அந்த ஆசை வரும்போது காலம் பூரா இப்படியே இருக்கப் போகுதுன்னு தோணும், ஆனா சில நிமிஷத்துல தானா இறங்கிடும், அதுவரைக்கும் தண்ணி குடிங்க, நடங்க, மூச்சை மெதுவா இழுத்து விடுங்கன்னு சொல்லி, மெல்லுறதுக்கு மருந்து சூயிங்கமும் எழுதிக் குடுத்திருக்கா. ஒரு தடவை தவறினதுனால எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்கன்னும் சொல்லி அனுப்பினாளாம். ஆனா உங்கப்பா கேட்பாரா. நான் இன்னைக்குப் பதினாறு நாள்னு சொன்னா, இல்லை, ஏழாம் நாள் குடிச்சேன்ல, அதுக்கப்புறம் எண்ணு, ஒன்பது நாள்தான்னு சண்டைக்கு வர்றார். பொய்க்கணக்கு வேண்டாமாம். நான் என் கணக்கை விடுறதா இல்லை, தலைப்பு மாதிரி மேலேயே எழுதிட்டேன் பாரு.

இப்பவும் ராஜா மாதிரி இருக்கார்னு சொல்ல மாட்டேன். தூக்கம் சரியில்லை, சிகரெட்டை விட்டதும் இருமல் நின்னுடும்னு பார்த்தா முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாவே சளி வருது, அது சுத்தமாகுறதுதான், போகப் போகக் குறையும்னு நர்ஸ் சொல்லியிருக்கா. பசி மட்டும் திரும்பி வந்திருக்கு, நேத்து சூப்புல உப்பு தூக்கலா இருக்குன்னார், முப்பது வருஷமா நான் இதே உப்புதான் போடுறேன். அக்கா வாரத்துக்கு மூணு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறா, வரும்போதெல்லாம் அவ ஒரு வைத்தியம் சொல்றா, அவ வீட்டுக்காரர் ஒரு வைத்தியம் சொல்றார், ரெண்டு பேரும் வாழ்க்கையில ஒரு சிகரெட் தொட்டதில்லை. அவளோட சின்னவளுக்கு முன் பல் ரெண்டும் விழுந்துடுச்சு. நம்ம கட்டடத்துல தண்ணி மோட்டார் மறுபடியும் போயிடுச்சு, ரெண்டு நாள் வாளியில தூக்கினோம்.

இனிமேதான் நான் எழுத வந்ததை எழுதுறேன். நேத்து ஞாயிற்றுக்கிழமை, மணி நாலு இருக்கும். அவருக்கு அந்த நேரம்தான் ரொம்ப மோசம். தைச்சு முடிச்ச திரையை மடிக்கலாம்னு எழுந்து சமையலறைப் பக்கம் போனேன், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு அந்தப் பழைய பட்டன் போனை அமுக்கிக்கிட்டிருக்கார். ஒவ்வொரு நம்பரா, நிதானமா. காதுல வைக்கலை. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னுட்டு அழிச்சிட்டார். மறுபடியும் முதல்லேருந்து அமுக்கினார், மறுபடியும் அழிச்சார். யாருக்குன்னு கேட்டேன். திடுக்குனு திரும்பினார், யாருக்கும் இல்லைன்னார், அப்புறம் அவரே சொன்னார். ஆசை தாங்க முடியாம வரும்போது யாருக்காவது போன் பண்ணி அஞ்சு நிமிஷம் பேசுங்கன்னு அந்த நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கா. யாருக்குப் பண்றதுன்னு யோசிச்சப்ப உன் ஞாபகம்தான் வந்துதாம். விசில் மாமாவுக்குப் பண்ணலாமே, அக்காவுக்குப் பண்ணலாமேன்னேன். அதுக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன், ஒரு வார்த்தை கூட்டலை. அவன் நம்பரை அமுக்க ஆரம்பிச்சாலே நெஞ்சு அடிச்சுக்குது, கடைசி நம்பர்கிட்ட வரும்போது கை நடுங்குது, அந்த நடுக்கத்துல சிகரெட் மறந்துபோயிடுது, அதுவே போதும்னார். ஒரு வாரமா தினம் நாலு மணிக்கு இதுதான் நடக்குதாம்.

நீ கிளம்புற அன்னைக்கு அவர் கையிலேருந்து பாக்கெட்டைப் பிடுங்கிச் சாக்கடையில எறிஞ்சிட்டு, நீங்க இதோடவே சாகணும்னா சாகுங்க, எனக்குச் சொல்லி அனுப்பாதீங்கன்னு சொன்னே. தப்புன்னு சொல்ல மாட்டேன்டா. மூச்சுக்குத் தவிச்ச பிள்ளைக்கு அந்தக் கோபம் வரக் கூடாதுன்னு சொல்ல நான் யார். ஆனா இந்த ரெண்டு வருஷமா அவர் போனை எடுத்தா, அம்மாகிட்ட குடுங்கன்னு ரெண்டே வார்த்தை பேசுறியே, அதைக் கேட்டதும் எங்கிட்டே போனை நீட்டிட்டு எழுந்து பால்கனிக்குப் போவார். போய் என்ன பண்ணுவார்னு உனக்கே தெரியும். மன்னிச்சிடுன்னு நான் கேட்கலை, அது உன் மனசு, அவசரமும் இல்லை. நான் கேட்கிறது அஞ்சு நிமிஷம். என்னைக்காவது ஒரு நாள் அந்தக் கடைசி நம்பரையும் அமுக்கிடுவார். அன்னைக்கு எடு. சிகரெட் பத்தி ஒண்ணும் கேட்காதே, விட்டீங்களா, எத்தனை நாளாச்சு, எதுவும் வேண்டாம். நான் எழுதினதையும் காட்டிக்காதே. என்ன சமைச்சே, ரூம்ல ஹீட்டர் வேலை செய்யுதா, அங்கே பஸ் எப்படி ஓட்டுறாங்க, எதையாவது பேசு. அவருக்குப் பேச்சு வரலைன்னா நீயே பேசிக்கிட்டு இரு.

உடம்பைப் பார்த்துக்கோ, அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டர்கிட்ட காட்டாம இழுத்தடிக்காதே. நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும், நல்ல தூக்கம், நல்ல மனுஷங்க, மூச்சு முட்டாத காத்து எல்லாம் உனக்குக் கிடைக்கணும்னு ரெண்டு கையாலயும் தலையைத் தொட்டு வாழ்த்துறேன். இங்கே நாலு மணின்னா அங்கே உனக்குக் காலையில பதினொண்ணரை, ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துல மட்டும் போனைச் சைலண்ட்ல போட்டுடாதே கண்ணா.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அம்மா